பழைய பாட்டுக்குத் திரும்பியவர்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் என்று சொன்னாலே ஜாஸ் ரசிகர்கள் கொலோன் கச்சேரிக்குப் போய்விடுவார்கள். 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கொலோன் நகர ஆபெரா அரங்கம், நள்ளிரவை நெருங்கும் நேரம். கேட்ட பியானோ வரவில்லை, வந்தது சரியில்லை. எழுதி வைத்த ஒரு வரிகூட இல்லாமல் உட்கார்ந்து வாசித்தார். அந்த இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. நல்ல கதைதான், நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதனால் அதை இத்துடன் விட்டுவிடுகிறேன். என்னை அதைவிட வியக்க வைத்தது, எட்டு வருஷம் கழித்து அவர் செய்த காரியம்.

1983 ஜனவரியில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். பியானோவுக்கு ஜாரெட், பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்துக்கு கேரி பீகாக், டிரம்ஸுக்கு ஜாக் டிஜானெட். ஜாரெட்டுக்கு அப்போது 37 வயது. வெறும் மேடையில் உட்கார்ந்து ஒரு மணி நேர இசையை அங்கேயே உண்டாக்கக்கூடியவர் என்று உலகம் ஒத்துக்கொண்டாகிவிட்டது. அப்படிப்பட்டவர் கையில் எடுத்தது என்ன? பெரும்பாலும் அவர் பிறப்பதற்கு முன்பே வந்த பிராட்வே நாடகப் பாட்டுகள், ஹாலிவுட் காதல் பாட்டுகள். ஜாஸ்காரர்கள் ஸ்டாண்டர்ட்ஸ் என்று சொல்கிறார்களே, அவைதான். தலைமுறை தலைமுறையாக எல்லாரும் வாசித்துத் தேய்த்த சரக்கு. அந்த ஒரே அமர்வில் மூன்று இசைத்தட்டுகளுக்கான பதிவு கிடைத்தது. அதில் இரண்டுக்கு ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ என்றே பெயர்.

அதில் ஒரு பாட்டை மட்டும் சொல்கிறேன். ‘ஆல் த திங்ஸ் யூ ஆர்’. ஜெரோம் கெர்ன் மெட்டமைத்தது. 1939இல் ஒரு இசை நாடகத்துக்காக வந்தது. நாடகம் 59 காட்சிகளோடு படுத்துவிட்டது. இன்றைக்கு அந்த நாடகத்தின் கதையைக் கேட்டால் சொல்ல ஆளில்லை. பாட்டு மட்டும் பிழைத்தது, அதற்குக் காரணம் வாத்தியக்காரர்கள். முப்பத்தாறு பார்களுக்குள், அதாவது முப்பத்தாறு தாளக் கட்டங்களுக்குள், ஸ்ருதி ஆதாரம் பல தடவை இடம் மாறும், ஆனால் காதுக்கு ஒரு உதறல்கூடத் தெரியாது. இப்படி ஒரு அமைப்பு கிடைத்தால், அந்த நேரத்துக் கற்பனையில் வாசிக்கும் மனோதர்மக்காரன் விடுவானா?

வாசிக்கும் முறை எளிது. முதலில் மெட்டை ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு அதே கார்ட்ஸ் வரிசையை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்களின் வரிசையை, வட்டம் வட்டமாகச் சுற்றிவந்து கற்பனை செய்வார்கள். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். நம் கச்சேரியில் ஒரே சாகித்ய வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவல் மாதிரியா என்று கேட்பீர்கள். பாதிதான். நிரவலில் சாகித்ய வரி நம் காதை விட்டுப் போவதில்லை. இங்கே மெட்டே காணாமல் போய்விடும். அடியில் கார்ட்ஸ் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். கேட்பவர்தான் மெட்டை மனசுக்குள் ஓடவிட வேண்டும். அதனால்தான் பாட்டு எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டாக இருக்க வேண்டியிருக்கிறது. ஒன்றுமில்லாததிலிருந்து வாசிக்கும்போது, தவறினால் அது தவறு என்று சொல்ல யாராலும் முடியாது. ஸ்டாண்டர்டில் அந்தச் சலுகை கிடையாது. எனக்கு இதுதான் பெரிய துணிச்சலாகப் படுகிறது.

இந்த மூவரும் ஒத்திகை பார்த்ததில்லை, என்னென்ன பாட்டு என்று பட்டியல் போட்டதுமில்லை. ஜாரெட் தனியாக ஏதோ ஆரம்பிப்பார். எந்தப் பாட்டுக்குள் நுழையப்போகிறார் என்று மற்ற இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த முன்னுரைகள் சில வேளை பாட்டைவிட நன்றாக இருக்கும். கூடவே அவருடைய முனகலும் கேட்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஹெட்போனில் கேட்டால் எனக்கே எரிச்சல் வரும். அரங்கில் யாராவது இருமினால் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கண்டித்தவர் அவர். 2007இல் இத்தாலியின் பெருஜியாவில் படம் எடுத்தவர்களை மேடையிலிருந்தே திட்டித் தீர்த்தார். இதையெல்லாம் மேதைமை என்று பூசி மெழுக நான் தயாரில்லை.

1991 செப்டம்பரில் ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் இறந்தார். இந்த மூவருமே ஏதோ ஒரு காலத்தில் அவரோடு வாசித்தவர்கள். இரண்டே வாரத்தில் அதே பவர் ஸ்டேஷனில் கூடி, ‘பை பை பிளாக்பேர்ட்’ என்ற அஞ்சலியைப் பதிவு செய்தார்கள். 1994 ஜூனில் நியூயார்க்கின் புளூ நோட் கிளப்பில் மூன்று இரவுகள் வாசித்தது ஆறு குறுந்தட்டுகளாக வந்திருக்கிறது. பொறுமை இருப்பவர்களுக்கு அது விருந்து.

பிறகு 1996இல் உடம்பு விழுந்தது. நாள்பட்ட களைப்பு நோய். பியானோ முன்னால் உட்காரவே தெம்பில்லாமல் போயிற்று. கொஞ்சம் தேறியதும், நியூஜெர்சியில் தன் வீட்டு ஒலிப்பதிவு அறையில் தனியாகச் சில பாட்டுகளைப் பதிவு செய்தார். மனைவிக்கான அன்பளிப்பு. அதுதான் 1999இல் ‘த மெலடி அட் நைட், வித் யூ’ என்று வெளிவந்தது. அதில் வித்தை என்று எதுவும் இல்லை. மெட்டை விட்டு அதிக தூரம் போவதே இல்லை. இத்தனை வருஷம் ஸ்டாண்டர்டுகளைக் குடைந்து குடைந்து வாசித்தவர், கடைசியில் பாட்டைப் பாட்டாக வாசிக்கிறார். சக்தி இல்லாததால் சுருங்கிய வாசிப்பு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அவருடைய பதிவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

மூவரும் மறுபடி கூடினார்கள், 2014 வரை வாசித்தார்கள். 2018இல் இரண்டு முறை பக்கவாதம் தாக்கியது; இடது கை பழைய நிலைக்கு வரவில்லை. 2020இல் அவரே அதைப் பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். அதே ஆண்டில் பீகாக் காலமானார்.

இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். நான் பேசுவதைவிட ‘ஐ லவ்ஸ் யூ, போர்கி’யைப் போடுவது உத்தமம். கெர்ஷ்வின் 1935இல் ஒரு ஆபெராவுக்கு எழுதியது, அந்த வீட்டுப் பதிவின் முதல் பாட்டு. அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள், தம்பி.