எந்த மரத்துல உளி வைக்கலாம்?

வணக்கம் நேயர்களே. மரச்சிற்பம் கத்துக்க வர்ற பசங்க மொதல்ல கேக்குற கேள்வி, "அண்ணே, எந்த மரம் பெஸ்ட்டு?" நான் திருப்பிக் கேப்பேன், தம்பி, நீ என்ன செதுக்கப் போற, அது எங்க நிக்கப் போகுது? பூஜை ரூம்ல இருக்கப்போற ஒரு அடி பிள்ளையாருக்கும், வருஷம் பூரா வெயில்ல மழையில நிக்கிற தேர்ச் சிற்பத்துக்கும் ஒரே மரம் சரிப்படாது. தேருக்கு இலுப்பையும் தேக்கும் போட்டாங்கன்னா அதுக்குக் காரணம் இருக்கு, கெட்டியான மரம், பாரம் தாங்கும், பூச்சியும் லேசுல அண்டாது.

ஆனா புதுசா கத்துக்கறவங்க நேரா தேக்குக்குப் போயிடறாங்க. தேக்கு நல்ல மரம்தான், இல்லைங்கல, காசும் நல்லா கேக்கும். அதுல மணல்ல இருக்கிற மாதிரி சிலிக்கா இருக்கு, உளி முனை சீக்கிரம் மழுங்கிடும், கை பழகாத பையன் பாதி நேரம் சாணைக்கல்லோடதான் உக்காந்திருக்கணும்.

எனக்குப் பிடிச்சது வாகை. பெரம்பலூர் மாவட்டத்துல அரும்பாவூர்னு ஊர், பச்சைமலை பக்கம், அங்க செய்யற மரச்சிற்பத்துக்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, வாகை, மா, வேம்புன்னு நம்ம ஊர்ல சுத்தி கிடைக்கிற மரத்துலயே சாமி சிலை செதுக்குறாங்க. வாகையோட வைரம், அதாவது உள்ள இருக்கிற கெட்டிப் பகுதி, நல்ல காப்பி கலரா இருக்கும், தேக்கை விட விலை கம்மி, கண்ணு மூக்கு எல்லாம் தெளிவா நிக்கும். ஒரே தொல்லை, அந்தத் தூள் மூக்குல ஏறுச்சுன்னா தும்மல் நிக்காது, மாஸ்க் போட்டுக்கிட்டே வேலை பாருங்க.

அத்தி மரத்தைப் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா 2019-ல காஞ்சிபுரத்துல அத்திவரதர் தரிசனம் வந்ததுக்கு அப்புறம் "அத்தியிலதான் சிலை வேணும்"னு கேக்குறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், அத்தி மெதுவான மரம், செதுக்க சுகமா இருக்கும், ஆனா ஈரமும் காத்தும் மாறி மாறி பட்டா சீக்கிரம் உளுத்துரும். தண்ணிக்கு அடியிலேயே மூழ்கிக் கிடந்தா கதை வேற, காத்து இல்லாம மரத்தை அரிக்கிற பூஞ்சை வளராது. உங்க வீட்ல வைக்கறதா இருந்தா நல்லா காஞ்ச கட்டையா பாத்து, எண்ணெய் பூசி, ஈரம் படாத எடத்துல வைங்க.

மரவாடிக்குப் போனா என்ன பாக்கணும்? பேரைக் கேட்டு ஏமாறாதீங்க, ஒரு துண்டு கேட்டு வாங்குங்க. கொஞ்சம் தண்ணி தடவினா ரேகை, அதாவது மரத்தோட நார், எந்தப் பக்கம் ஓடுதுன்னு பளிச்சுனு தெரியும். அரைவட்ட உளியை ரேகையோட ஒரு தடவை, குறுக்க ஒரு தடவை, எதிர்ப்பக்கமா ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. சீவல் சுருண்டு முழுசா வந்தா எடுத்துக்கலாம், குறுக்க வெட்டும்போது பொலபொலன்னு உதிர்ந்தாலோ, எதிர்ப்பக்கம் பிச்சுக்கிட்டு வந்தாலோ முகம் செதுக்க அந்தக் கட்டை ஆகாது. வேம்பு இப்படித்தான் சில எடத்துல முரண்டு பிடிக்கும், ரேகை மாறி மாறி பின்னி ஓடும், பூச்சி வராதுங்கிறதுக்காக மட்டும் அதை எடுக்காதீங்க. ஓரத்துல வெளுப்பா இருக்கிற பகுதியையும் நம்பாதீங்க, வண்டு மொதல்ல அங்கதான் ஓட்டை போடும்.

அப்புறம் நடுமையம். முழு உருளைக் கட்டைய மையத்தோட வாங்கினா வெடிக்கும், ஏன்னா மரம் காயறப்ப வட்டத்தை ஒட்டி சுருங்கறது மையத்தை நோக்கி சுருங்கறத விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதனால மையத்தை விட்டுட்டு ஓரமா அறுத்த கட்டையா கேளுங்க. பச்சைக் கட்டையா இருந்தா ரெண்டு முனையிலயும் பெயிண்ட்டோ மெழுகோ பூசி நிழல்ல போடணும், முனை வழியாத்தான் ஈரம் வேகமா போகும். ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம்னு பொதுவா கணக்கு சொல்வாங்க, அவசரக்காரங்களுக்கு கஷ்டம்தான்.

ரோஸ்வுட், சந்தனம் எவனாவது சல்லிசா தர்றேன்னா பில்லும் பர்மிட்டும் இல்லாம தொடாதீங்க, வனத்துறை கேஸு வந்து நிக்கும்.

மொதல் கட்டை எதுன்னு கேட்டா குமிழ்னு சொல்வேன். லேசான மரம், காஞ்சப்புறம் அதிகம் கோணாது, உளிக்கு இடம் கொடுக்கும். அதுல மொதல்ல ஒரு இலை, ஒரு பூன்னு செதுக்குங்க, சாமி முகமெல்லாம் கொஞ்ச நாள் கழிச்சு பாத்துக்கலாம்.