அங்கிட்டு

வணக்கம். இந்த ரேடியோப் பதிவு தொடங்குமுன் குரலைச் சரிபார்க்க வேண்டும், ஏதாவது சொல்லுங்கள் என்றார் தயாரிப்பாளர். காலையில் சாப்பிட்டதைச் சொன்னேன்: பாணும் பருப்பும். அதைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. இந்தக் கீச்சுக் குரலா என்னுடையது?

நீங்களும் போனில் உங்கள் குரலைப் பதிந்து, கேட்டுவிட்டு, உடனே அழித்திருப்பீர்கள். காரணம் எலும்புதான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உட்காதுக்குப் போகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்தும். அதனால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவிலோ காற்று வழியாக வந்தது மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டிருந்தது அந்த மெலிந்த குரலைத்தான். அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அதிர்ச்சி நமக்கு மட்டும்.

சரி, என் சங்கடம் எலும்போடு முடிந்திருந்தால் இங்கே வந்து பேச ஒன்றும் இருந்திருக்காது.

நான் மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். 19 வயதில் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். முதல் வாரத்தில் வந்த ஓர் அம்மாவிடம், "இந்தச் சாரியை அங்கிட்டு வைக்கட்டுமா அக்கா?" என்று கேட்டேன். அவர் மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எந்தத் தோட்டம் பிள்ளை?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்டதாக இப்போது நினைக்கவில்லை. அன்று முகம் பற்றி எரிந்தது.

ஒரு மாதத்தில் எங்கள் தோட்டத்து 'அங்கிட்டு' போய், கொழும்பில் கேட்ட 'அங்கால' வந்தது. பேசுவது போய்க் கதைப்பது வந்தது. ஒவ்வொரு சொல்லையும் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அமைதியான பிள்ளை என்று கடையில் நல்ல பெயர் கிடைத்தது! 100ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போது அம்மா போன் எடுத்தால், "பிறகு எடுக்கிறேன்" என்று வெட்டிவிடுவேன். அம்மாவோடு எனக்குக் கதைக்கத் தெரியாது, பேசத்தான் தெரியும். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் கேட்டுவிடுவார்களே!

போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978இல் இப்படியொரு பயத்தைப் பற்றி எழுதினார்கள். படித்து முன்னுக்கு வந்த பெண்களே, தங்களுக்குத் தகுதியில்லை, ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்று நடுங்கியதைப் பற்றி. பின்னாளில் அதைப் படித்தபோது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு முறைப்பாடு உண்டு. என் பயம் சும்மா வந்து உட்காரவில்லை. முதலில் யாரோ சிரித்தார்கள்.

அப்புறம் ஒருநாள். என் பெரியம்மாவைக் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி, தோட்டத்திலிருந்து வந்தவர். டாக்டர் சிங்களத்தில் கேட்க, தமிழ் தெரிந்த இளைஞர் ஒருவர் மொழிபெயர்த்தார். பாட்டி திரும்பத் திரும்ப, "மேலுக்கு முடியல சாமி" என்றார். இளைஞர் பாவம், மேல் என்றால் மேல்பக்கம் என்று எடுத்துக்கொண்டார். டாக்டர் தோளைத் தட்டிப் பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பாட்டி மறுபடியும், "மேலுக்கு முடியல."

எங்கள் பக்கத்தில் மேல் என்றால் உடம்பு. உடம்புக்கு முடியவில்லை என்கிறார். எனக்குத் தெரியும். படித்தவர்கள் நடுவில் துணிக்கடைப் பிள்ளை என்ன சொல்வது? முதல் தடவை சொன்னது எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சத்தமாக, அரைகுறைச் சிங்களத்தில், உடம்பு முழுக்க என்றேன். டாக்டர் திரும்பி, "எத்தனை நாளாக?" என்று என்னைக் கேட்டார். பாட்டியிடம் கேட்டுச் சொன்னேன். பாட்டி என் கையைப் பிடித்து, "நீ எந்தத் தோட்டம் புள்ள?" என்றார்.

அதே கேள்விதான். இந்தத் தடவை பதில் சொன்னேன்.

மறுநாளே மாறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். கடையில் இன்னும் இரண்டு வருடம் 'அங்கால'தான். இப்போதும் இரண்டும் கலந்துதான் வருகிறது, அதில் எனக்கு வெட்கமில்லை. மலையகத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் மேடையேறிப் பாடியவர். பாட்டுகள் அவரே கட்டியவை, மெட்டுகள் கேட்பவர்களுக்கு ஏற்கெனவே பழகியவை. மைக் முன்னால் வாய் உலர்ந்தால் அவரை நினைத்துக்கொள்வேன்.

இன்றைக்கு இங்கே வரும் வழியில், பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது அம்மா போன் எடுத்தார். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, முன்னால் இரண்டு அலுவலக ஆட்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எந்த அலைவரிசை என்று கேட்டார். சொன்னேன். பிறகு, பஸ் இரைச்சலில் கேட்காதோ என்று குரலை உயர்த்தி, "அங்கிட்டு ரேடியோ நல்லா இழுக்குதாம்மா?" என்றேன்.