புறாத்தீவில் பிஸ்கட் போட்ட அண்ணருக்கு

வணக்கம் உறவுகளே! இன்றைக்குச் சமையலும் இல்லை, மீன் சந்தையும் இல்லை. திருகோணமலை நிலாவெளியிலிருந்து இப்போதுதான் வந்தேன். தலையில் உப்பு காயவில்லை, கோபமும் ஆறவில்லை.

முதலில் சந்தோஷச் செய்தி. நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாத்தீவின் பாறை இடுக்கில் வாழ்கிற மாடப்புறாவை ஒருவழியாகப் படம் பிடித்துவிட்டேன்! போன தடவை ஒரு சாம்பல் புள்ளியைக் காட்டி "இதுதான் புறா" என்றபோது நீங்கள் என்னை ஓட்டின ஓட்டு மறக்குமா? இந்த முறை கழுத்துப் பச்சை மினுமினுப்பு, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டி, எல்லாம் தெளிவு. போனில் கொளுவுகிற லென்ஸ்தான் காரணம். 4,500 ரூபாய். கடைக்காரர் 6,000 சொன்னார். நான் இறங்கிப் போய் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கூப்பிட்டார்! வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று, உங்களுக்குச் சொல்லாமல் எப்படி?

சரி, கோபத்துக்கு வருவோம். ஒரு அண்ணர் பாறையில் ஏறி நின்று பிஸ்கட்டை நொறுக்கி வீசுகிறார். "பாவம் தம்பி, பசிக்கும்" என்கிறார். கீழே சோற்றுப் பார்சல் மிச்சம், பருப்பு வடியுது. புறா ஒன்றும் வரவில்லை, காகம்தான் வந்தது. முட்டையைத் தூக்குவதும் அதே காகம்தானே! 2003இலிருந்து இந்தத் தீவு தேசியப் பூங்கா, அண்ணே.

நம்முடைய மாடப்புறா உலகத்தில் நிறைய இருக்கு. ஆனால் இளஞ்சிவப்புப் புறா என்று ஒன்று, 1990 வாக்கில் காட்டில் சுமார் 10தான் மிச்சம். எலி, பூனை, குரங்கு, எல்லாம் மனிதர் கப்பலில் கொண்டுபோய் இறக்கியவை. முட்டையும் குஞ்சும் அதுகளுக்கு இரை. காட்டையும் வெட்டித் தள்ளிவிட்டார்கள். அட, எந்த நாடென்று சொல்லவில்லையே! மொரிசியஸ். டோடோ அழிந்ததும் அங்கேதான், அதுவும் புறாக் குடும்பம்தான்.

இளஞ்சிவப்புப் புறாவைக் கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டார்கள். கரைக்குப் பக்கத்தில் ஈல் ஓ ஏக்ரெத் என்று 26 ஹெக்டேர் குட்டித் தீவு. அங்கே எலியை ஒழித்து, பழைய காட்டு மரங்களை மறுபடி நட்டு, புறாவையும் குடியேற்றினார்கள். இப்போது மொரிசியஸ் முழுக்க 400க்கு மேல்.

"அவர்களும் தீனி வைக்கிறார்களே?" என்று கேட்பீர்கள். வைக்கிறார்கள், காட்டில் பழமும் பூவும் போதாமல்தான். கோதுமை, சோளம், அதற்கென்று செய்த பெட்டியில். அப்படியும் ஒரே இடத்தில் கூடித் தின்றால் தொண்டையைப் பிடிக்கிற ஒரு ஒட்டுண்ணி நோய் பரவுகிறது, குஞ்சுகள் சாகின்றன. படித்தவர்கள் அளந்து வைக்கிற தீனிக்கே இந்தப் பாடு. இவர் கிரீம் பிஸ்கட் வீசுகிறார்! கிரீம் பிஸ்கட் எனக்கே பிடிக்காது.

அந்தச் சோற்று மிச்சத்தை நான்தான் பொறுக்கிப் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தேன். படகுக்காரர் அதற்காகப் பங்குக் காசில் ஐந்து சதம் குறைக்கவில்லை. அந்தப் படகுக் கூலிக் கதைக்குத் தனி வீடியோ வேண்டும், நாளைக்குப் போடுகிறேன்.