தந்திக்கும் கூம்புக்கும் நடுவில்

வணக்கம், நேயர்களே. வீணையிலும் வயலினிலும் நாம் குதிரை என்று சொல்லும், தந்திகளைத் தாங்கும் உறுப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஆனால் அது அமர்ந்திருப்பது ரெசனேட்டர் கிட்டாரில்.

இந்தக் கிட்டாரில் ஒலியைப் பெருக்குவது பெரும்பாலும் மரப்பலகை அன்று, மெல்லிய அலுமினியக் கூம்பு. மின்பெருக்கி பரவலாகாத காலத்தில், ஜார்ஜ் பீச்சம் என்ற கலைஞர் உரத்த கருவி ஒன்றைக் கேட்க, ஜான் டோபியேரா மூன்று கூம்புகள் கொண்ட கிட்டாரை உருவாக்கினார். நேஷனல் நிறுவனம் அதை 1927-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் வந்த ஒற்றைக் கூம்புக் கருவிகளில் இரண்டு வகை நிலைத்தன. ஒன்றில் கூம்பின் உச்சியில் பிஸ்கட் எனப்படும் சிறிய மரவட்டு இருக்கும்; டோப்ரோ வகையிலோ, கிண்ணம்போல் மேல்நோக்கித் திறந்த கூம்பின் விளிம்பில், சிலந்தி எனப்படும் எட்டுக் கால்கள் கொண்ட உலோகச் சட்டம் அமர்ந்திருக்கும். இரண்டிலும் தந்தியைத் தொடுவது சேடில் என்னும் சிறு துண்டே.

அந்தத் துண்டு மேப்பிள் மரமாக இருப்பதே வழக்கம். அதற்குப் பதிலாக எலும்பு, கருங்காலி, பித்தளை என்று மாற்றிப் பார்க்கும் ஆவல் எவருக்கும் எழும்; எனக்கும் எழுந்தது. பித்தளை, மேப்பிளைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் எடையுள்ளது. தந்தியின் சிறிய விசை அந்த எடையையும் சேர்த்து அசைக்க வேண்டியிருப்பதால், உயர்ந்த அதிர்வெண்களே முதலில் மங்குகின்றன, தந்தியை மீட்டியதும் எழும் பளீரென்ற தொடக்கமும் தளர்கிறது. உரத்து ஒலிப்பதற்காகப் பிறந்த கருவிக்கு இது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

எலும்பு வைத்தபோது ஒலி கூர்மையானது, மகிழ்ந்தேன். ஆனால் பழைய மேப்பிள் துண்டைக் கழற்றியபோது அது பள்ளத்தில் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். புதிய மேப்பிளை இறுக்கமாகப் பொருந்தும்படி இழைத்து வைத்ததும், எலும்பின் சிறப்பு என்று நான் நம்பியதில் பெரும்பங்கு திரும்பிவந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் பழைய துண்டை மீண்டும் பொருத்திக் கேட்கிறேன். தந்திகளைத் தளர்த்தி முறுக்கும்போதே கூம்பு சற்று வேறாக அமர்ந்துவிடும். புதிய தந்தியின் பளபளப்பும் காதை ஏமாற்றும். சிலந்தியின் ஒரு கால் விளிம்பில் சரியாகப் படியாவிட்டாலும் கரகரப்பு வரும். இவற்றையெல்லாம் பொருளின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இப்போது என் கருவியில் இருப்பது, மேலே மெல்லிய கருங்காலிப் பட்டை ஒட்டிய மேப்பிள். எடை அதிகம் கூடவில்லை; முறுக்கிய தடித்த தந்திகள் மரத்தை அறுத்துப் பள்ளத்தை ஆழமாக்குவதும் குறைந்திருக்கிறது.