வர வேண்டாம் என்றால் சம்பளம் யார் தருவது?

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயிற்றுப்பிள்ளையோடு வேலைக்கு வருகிற பெண் எந்த மாசத்தில் நிற்கிறாள், யார் சொல்லி நிற்கிறாள் என்பது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம். கொரோனா காலத்தில் அந்த உறுத்தல் இரட்டிப்பானது.

சாதாரண நாளில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் பயணம், அத்தோடு வேலைக்கு லீவு. சட்டத்தின் கணக்கும் ஏறக்குறைய அதுதான். முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன்னால் 8 வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. இந்த எட்டு வாரத்தைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

2020 மே மாதம் கம்பெனிகள் பாதி ஆட்களோடு திறந்தன. "மாசமா இருக்கிறவங்க வீட்டிலேயே இருங்கம்மா" என்றார்கள் சூப்பர்வைசர்கள். அக்கறையாகத்தான் சொன்னார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் வர வேண்டாம் என்றால் சம்பளம் யார் தருவது? அதை யாரும் பேசவில்லை.

தைத்து வந்த பனியனில் குறை பார்க்கிற எங்கள் செக்கிங் பிரிவில் ஒரு பெண். பொங்கல் முடிந்து வேலைக்குச் சேர்ந்தவள், மார்ச்சில் ஊரடங்கு. ஆகஸ்டில் நாலாம் மாசம். ஜனவரிக் கடைசியில் பிரசவம் என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தார். அவளையும் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். நேரே என் மேஜைக்கு வந்துவிட்டாள். கையில் தினசரி காலண்டர் தாள் ஒன்று. அதன் பின்பக்கம் பென்சிலால் நாலு கோடு, மேலே குறுக்காக ஒரு கோடு என்று வேலை செய்த நாளையெல்லாம் போட்டு வைத்திருந்தாள். ஐம்பத்துச் சொச்சம் வந்தது. ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் பிரசவப் பணம் வாங்க, சம்பளத்தில் சந்தா பிடித்த நாள் 70 வேண்டும், அவள் பிரசவத் தேதிக்கு அது செப்டம்பர் 30க்குள் சேர வேண்டும். "நா இப்ப நின்னுட்டா எழுவது நாளு எப்படிங்க மேடம் வரும்?" என்றாள். எங்கள் ஆபீசில் பாதிப் பேருக்கு அந்தக் கணக்கு தெரியாது, சொல்லப்போனால்!

சரி, அவளை வரவைப்பது என்று முடிவு செய்தோம். கம்பெனி வேன் வேண்டாம், வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து விடட்டும். டேபிளை ஆள் நடமாட்டம் இல்லாத வாசல் ஓரமாகப் போட்டோம். செக்கிங் என்பது நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. ஒரு ஸ்டூல் கேட்டேன். "ஒருத்தருக்குப் போட்டா எல்லாரும் கேட்பாங்க மேடம்" என்றார் மேனேஜர். கேட்கட்டுமே என்றேன். ஸ்டூல் வந்தது. செப்டம்பர் முடிவதற்குள் 70 நாளும் நிறைந்தது.

அதிலே ஒரு கூத்து. அந்த டிசம்பரில் ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் நிபந்தனையைத் தளர்த்தி, 2021 ஜனவரி முதல் ஜூன் வரை 35 நாள் போதும் என்றது. நல்ல முடிவுதான். "அப்ப அத்தனை நாளும் சும்மாவா வந்தேனுங்க?" என்று போனில் கேட்டாள்.

இப்போது அந்த எட்டு வாரத்துக்கு வருவோம். செப்டம்பர் கடைசியில் அவள் நின்றுவிட்டாள். விடுப்பு தொடங்கக்கூடிய நாள் டிசம்பர் தொடக்கம். நடுவில் இரண்டு மாசம் சம்பளமும் கிடையாது, ஈ.எஸ்.ஐ. பணமும் கிடையாது. வேலைக்கு வந்தால் ஆபத்து, விடுப்புக்கோ இன்னும் நாள் வரவில்லை. நான் சொல்ல வந்ததே இந்த இரண்டு மாசத்தைத்தான். பிரசவம் நெருங்கும்போது கடினமான வேலை தரக்கூடாது என்று நம் சட்டம் சொல்கிறது. தொற்றுக்குப் பயந்து ஐந்தாம் மாசத்தில் நிற்கிறவளுக்கு அதில் ஒரு வரி இல்லை. பிரிட்டனில் இருக்கிறது: ஆபத்தை நீக்க முடியவில்லை, மாற்று வேலையும் இல்லை என்றால், முழுச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும். அங்கேயும் 2020இல் பலரை மெடிக்கல் லீவில் தள்ளினார்கள் என்பது வேறு கதை. ஆனால் கேட்பதற்குச் சட்டத்தில் ஒரு இடம் இருந்தது.

நம் மத்திய அரசும் 2022 ஜனவரியில் தன் கர்ப்பிணி ஊழியர்கள் ஆபீஸுக்கு வர வேண்டாம், வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது. ஃபைல் வீட்டுக்குப் போகும். டேபிளில் குவிந்த பனியன் போகுமா?

நர்ஸுகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். தடுப்பூசி 2021 ஜனவரி 16இல் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்குப் போடலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது ஜூலை 2இல். நடுவில்தான் இரண்டாம் அலை. வயிற்றில் பிள்ளையோடு, ஊசி இல்லாமல், வார்டில் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது, வருகைப் பதிவேடும் கிடையாது. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய்க்கு உதவி உண்டு, 14,000 பணமாகத் தவணை தவணையாக வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். ஆனால் அது வேலையை விட்டு நின்ற நாளுக்கான கூலி இல்லை. அந்தக் கூலிக்கு இன்றைக்கும் வழி இல்லை. நன்றி, வணக்கம்.