மார்ஃபின் யாருக்கு, எவ்வளவு காலம்?

அன்புடைய அவையோரே,

புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்ட ஒருவருக்கு மார்ஃபின் தொடங்கலாம் என்று மருத்துவர் சொன்னதும், குடும்பத்தினர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "அதற்கு அடிமையாகிவிட மாட்டாரா?" என்பதுதான். அன்பினால் எழும் கேள்வியே அது. ஆனாலும் நோயாளி பல இரவுகள் உறங்காமல் வலியில் துடிப்பதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது. மார்ஃபின் போன்ற, ஓபியாய்டு எனப்படும் வலிநீக்கி மருந்துகளின் ஆபத்து உண்மையானது. எனினும் யாருக்கு, எந்த வலிக்கு, எத்தனை நாளைக்கு, யாருடைய கண்காணிப்பில் என்பதைப் பொறுத்தே அது கூடும், குறையும்.

இம்மருந்துகள் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளை, அதாவது மருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களை, பற்றிக்கொண்டு வலியுணர்வைத் தணிக்கின்றன. அதே ஏற்பிகள் இன்ப உணர்வைத் தூண்டும் பகுதியிலும், மூச்சை இயக்கும் மூளைத்தண்டிலும், குடலிலும் இருப்பதால், வலி தணியும்போதே மயக்கமும் மலச்சிக்கலும் கூட வருகின்றன. அளவு மீறினால் மூச்சே நின்றுபோகிறது. பழகப் பழக மயக்கம் குறையும், மலச்சிக்கல் குறையாது. அதனால்தான் கவனமுள்ள மருத்துவர் மார்ஃபின் எழுதும் சீட்டிலேயே மலமிளக்கியையும் சேர்த்து எழுதுகிறார்.

சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டால் எவருடைய உடலும் இம்மருந்துக்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் வியர்வை, கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். இதை அடிமைத்தனம் என்று சொல்வது நோயாளிக்கு இழைக்கும் அநீதி. கேடு விளைகிறது என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல், வாழ்க்கை முழுவதும் மருந்தைத் தேடுவதிலேயே கழிவதுதான் அடிமைத்தனம். முன்பே மதுவுக்கோ வேறு போதைக்கோ ஆட்பட்டவர்களுக்கும், தீராத மனத்துயரில் இருப்பவர்களுக்கும் அந்த ஆபத்து மிகுதி.

இந்த வேறுபாட்டைத் தவறாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 1980இல் ஒரு மருத்துவ இதழில், மருத்துவமனையில் இம்மருந்துகளைப் பெற்ற 11,882 பேரில் நால்வர் மட்டுமே அடிமையானதாக ஒரு சிறு கடிதம் வெளிவந்தது. மருத்துவமனைக்குள் கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றிய அக்குறிப்பை, வீட்டில் மாதக்கணக்காக மாத்திரை விழுங்குபவர்களுக்கும் பொருந்தும் சான்றாகப் பலர் காட்டினர். 1996இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை, மெதுவாகக் கரைவதால் அடிமையாக்கும் வாய்ப்புக் குறைவு என்று விளம்பரப்படுத்தப்பட்டது. பொடித்து உட்கொண்டால் அந்த மெதுவான கரைதலே இல்லாமல் போய்விடும். அந்த விளம்பரம் மக்களைத் திசைதிருப்பியது என்று தயாரிப்பாளரான பர்டூவைச் சார்ந்த நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் முதுகுவலிக்கும் பல் பிடுங்கியதற்கும் தாராளமாக எழுதித் தரப்பட்ட மாத்திரைகள் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்திருந்தன. மாத்திரை கிடைக்காதபோது பலர் ஹெராயினுக்கும், பின்னர் மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ள ஃபென்டனிலுக்கும் போனார்கள்.

அந்த அழிவைக் கண்டு மார்ஃபினையே பூட்டி வைத்துவிடலாம் என்போருக்கு லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2017இல் வெளியிட்ட கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். உலகில் அப்போது ஆண்டுதோறும் விநியோகமான, மார்ஃபின் அளவில் கணக்கிட்ட 298.5 டன் ஓபியாய்டுகளில், மிக ஏழை நாடுகளைச் சென்றடைந்தது 0.1 டன் மட்டுமே. விலை மலிவான மருந்து இருந்தும் அங்கே மனிதர்கள் கதறியபடியே இறக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் நடந்ததற்குச் சற்றும் குறையாத கொடுமை இது.

இம்மருந்து ஒரு வீட்டுக்குள் வரும்போது செய்ய வேண்டியவை எளியவை. புற்றுநோய் வலிக்கு, வலி உச்சத்துக்கு ஏறும்வரை காத்திராமல், மருத்துவர் சொன்ன நேரப்படி கொடுக்க வேண்டும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேரவே கூடாது. மாத்திரைகளைப் பூட்டி வைத்து, மிஞ்சியவற்றை மருந்து தந்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டும். கண்மணி ஊசிமுனையளவாகச் சுருங்கி, உதடு நீலம் பாரித்து, எழுப்பியும் எழாமல் மூச்சு மந்தமானால் உடனே அவசர உதவியை அழைத்து, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து இருந்தால் கொடுக்க வேண்டும். அதன் வேலை மார்ஃபினுக்கு முன்பே முடிந்துவிடக்கூடும் என்பதால், மூச்சு திரும்பிய பிறகும் அவரைத் தனியே விடக்கூடாது.