நோன்பும் பல்லும்: கேடு பகலிலா, இரவிலா?

[காட்சி: யாழ்ப்பாணம் ஐந்து சந்தி, பின்னேரம். பள்ளிவாசல் வாசலில் நோன்புக் கஞ்சி வாங்கப் பாத்திரத்தோடு நிற்கும் பிள்ளைகள்.]

குரல்:
ரமழான் மாதம் அசர் என்ற பின்னேரத் தொழுகைக்குப் பிறகு சோனகத் தெருவில் யாரையாவது மறித்துக் கதை கேட்டுப் பாருங்கள். ஆள் ஒரு அடி தள்ளி நின்றுதான் பதில் சொல்வார். வாய் மணக்கும் என்ற கூச்சம்.

நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடம் கஸ்தூரியை விடச் சிறந்தது என்று புகாரி தொகுப்பில் ஹதீஸ், அதாவது நபிமொழி, இருக்கிறது. அதைச் சாட்டாக வைத்து மாதம் முழுக்கப் பகலில் பிரஷைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். அந்த ஹதீஸ் பல் விளக்க வேண்டாம் என்று எங்கேயும் சொல்லவில்லை.

[காட்சி: நாக்கின் வரைபடம். பின்பகுதி வட்டமிடப்படுகிறது.]

வாடை எங்கிருந்து வருகிறது? ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கும். மெல்லும்போதுதான் அது வேகமாக ஊறும். நோன்பில் மெல்வதும் இல்லை, குடிப்பதும் இல்லை. வெயிலில் வேலை செய்தால் வியர்வையாகவும் நீர் போகும். வாய் காய, நாக்கின் பின்பக்கத்தில் காற்றுப் படாமல் வாழும் பக்டீரியாக்கள் புரதத் துணுக்குகளை உடைத்துக் கந்தக வாயுக்களை விடுகின்றன. அழுகிய முட்டை மணம் அதுதான். பின்னேரமாக உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கினால், மூச்சில் அசற்றோன் மணமும் சேரும். முதலாவது, நாக்கை வழித்தால் குறையும். இரண்டாவதுக்கு எந்தப் பற்பசையும் உதவாது, சாப்பிட்டால்தான் போகும்.

சரி, வாடை தொல்லைதான். பல் பழுதாகுமா?

இந்த இடத்தில் பலர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். பல் சூத்தையாவதற்கு முதல் வேண்டியது சீனி. சீனி கிடைத்ததும் பக்டீரியா அமிலத்தை உண்டாக்கும். வாயின் அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5 அளவில் இருந்து கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணித்தியாலம் அல்லது அதற்கும் மேல் எடுக்கும். எங்கள் ஊரில் நோன்பு 13 மணித்தியாலத்துக்கு மேல். அவ்வளவு நேரமும் புதிதாகச் சீனி எதுவும் வாய்க்குள் போவதில்லை. விடியுமுன் சாப்பிடும் சஹருக்குப் பிறகு ஒழுங்காக விளக்கியிருந்தால், பகல் பல்லுக்கு ஓய்வு நேரம்.

[காட்சி: மஃரிப் பாங்கு. நோன்பு திறக்கும் மேசை.]

இனி இரவைப் பாருங்கள். பேரீச்சம்பழம், ரோஸ் சர்பத், கஞ்சி, சமோசா, ரோல்ஸ். தொழுதுவிட்டு வந்து சீனி போட்ட தேத்தண்ணி. தராவீஹ் என்ற ரமழான் இரவுத் தொழுகை முடிய பலூடா. அதற்குப் பிறகும் போனைப் பார்த்துக்கொண்டு ஏதாவது கொறிப்பது. ஒவ்வொரு தரமும் அந்த அரை மணித்தியாலக் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஒரே இருப்பில் நாலு பேரீச்சம்பழம் சாப்பிட்டுத் தண்ணீர் குடிப்பவரின் பல் தப்பும். அதே நாலைப் படுக்கும் வரை ஒவ்வொன்றாகச் சப்புகிறவரின் பல்தான் பாவம். நோன்பு திறந்த கையோடு வெற்றிலை போடுகிறவர்களுக்கும் ஒரு சொல்: இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பகல் முழுக்க அது இல்லாமல் இருக்க முடிந்தவருக்கு இரவிலும் முடியும்.

ஆனால் என்னைக் கேட்டால் ஆகக் கூடிய ஆபத்து சஹர் நேரம். வாழைப்பழம், தயிர், சீனி பிசைந்த சோறு, ஒரு பிளேன்டீ, சுபஹ் தொழுகை, மறுபடி படுக்கை. நித்திரையில் உமிழ்நீர் கிட்டத்தட்ட நின்றுவிடும். பல்லிடுக்கில் தங்கிய இனிப்பைக் கழுவ ஆளில்லை. ஆகவே பாங்குக்கு முன் ஐந்து நிமிடம் மிச்சம் வையுங்கள். பிரஷ், பிறகு நாக்கு, பிறகு நல்ல கொப்பளிப்பு. சஹரில் தேசிக்காய்த் தண்ணீர் வேண்டாம். புளிப்பில் இளகிய எனாமலை உடனே பிரஷால் தேய்த்தால் தேயும்.

இரவு படுக்க முன் விளக்கும்போது முறை வேறு. புளோரைட்டு உள்ள பற்பசையால் இரண்டு நிமிடம் விளக்கித் துப்புங்கள். தண்ணீர் விட்டு அலச வேண்டாம். பசை பல்லில் தங்கினால்தான் வேலை செய்யும். நோன்பு நேரத்தில் இப்படி விட முடியாது, அதனால் இரவுதான் அதற்கு வசதி.

[காட்சி: மிஸ்வாக் குச்சி, நுனி மென்று தும்பாக்கப்படுகிறது.]

மிஸ்வாக், உகாய் மரத்தின் வேர். அதில் சிலிக்காவும் கிருமியை அடக்கும் பொருட்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1986இல் இதைப் பரிந்துரைத்தது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், அதாவது சட்டப் பள்ளியில், நோன்பாளி நண்பகலுக்குப் பிறகு மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் (தவிர்ப்பது நல்லது) என்பது பிரபலமான கருத்து. அதே மத்ஹபின் பெரிய இமாமான நவவி, மக்ரூஹ் இல்லை என்ற பக்கம் நின்றார். எதைப் பின்பற்றினாலும் லுஹர் என்ற நண்பகல் தொழுகை நேரம் வரை தடையில்லை. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் வுழூவில் வாய் கொப்பளிப்பதும் நாள் முழுக்க உண்டு. தொண்டை வரை இழுக்காமல் செய்தால் போதும்.

[காட்சி: பல் வைத்தியரின் கதிரை.]

கடைசியாக, பல் வைத்தியம். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் (மார்க்கச் சட்ட) சபை, பல்லைத் துளைப்பது, பிடுங்குவது, சுத்தம் செய்வது, பிரஷ் பாவிப்பது எதுவும் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. தொண்டைக்குள் போவதை விழுங்கக் கூடாது, அவ்வளவுதான். மரத்துப்போகப் போடும் ஊசிக்கும் தடையில்லை. என்றாலும் பல் பிடுங்கிய பிறகு வலிக் குளிசை போட வேண்டிவரும். அவசரமில்லாத வேலையை ரமழானுக்கு முன் முடிப்பது வசதி. நீரிழிவுக்காரருக்கு வாய் காய்வதும் முரசு வீங்குவதும் கூட. அவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கக் கஷ்டமாக இருந்தால் பெருநாள் வரை பொறுக்காதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலைக்கு அன்றைக்கே போங்கள். நோயாளி நோன்பை விட்டு, பிறகு வேறு நாளில் கழாச் செய்யலாம், அதாவது ஈடாகப் பிடிக்கலாம்.